எண்ணெய் வைக்காமல் கட்டிய குதிரைகள்

கையில் கயிறு, காலில் சேறு ஏறிய ரப்பர் பூட்ஸ், தலைக்குப் பாசாரில் காய்கறி வாங்கிய பிளாஸ்டிக் பை ஒன்று. அந்தச் சாயங்காலம் வேலிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் நின்ற கோலம் இதுதான்.

பத்தாங் காலி மலைப் பக்கமாக வானம் கறுத்திருந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை. திடலின் நடுவே இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்கள் குதிரைகள் ஐந்தும் பின்புறத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றன. கருப்பாயி மட்டும் திரும்பிப் பார்த்தாள், ‘உனக்கென்ன வந்தது’ என்பதுபோல.

ஒரு கையில் போன். மறுமுனையில் கிள்ளானில் என் வீட்டுக்காரர். தீபாவளித் துணியும் குதிரைத் தவிடும் வாங்கப் போனவர்.

“என்னங்க, மழை பெருசா வரும்போல. உள்ள கட்டப்போறேன்.”

“தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு சரசு. எண்ணெய் வைக்காம கட்டாத.”

“வானம் உங்க காலண்டரப் பாத்துட்டா வருது?”

“நனைஞ்சா கரைஞ்சிடுமா லா? குதிரதானே, கருப்பட்டியா? விடு, நான் வந்து பாத்துக்கறேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்தது சரிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மழையில் நிறுத்துவது பாவமா?

போன வாரம் பாகான் நக்கோடா ஓமார் மீன்பிடிக் கிராமத்துக்கு மீன் வாங்கப் போனேன். இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரைப் படிக்கிற ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார். “ஏம்மா, வாயில்லா ஜீவன மழையில நிக்க வைக்கறது பாவமில்லையா?” என்று கேட்டார். கையில் இருந்த கெம்போங் மீனைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவ்வளவு கோபம்.

அம்மா, குதிரை மழைக்குப் பயப்படாது. மழையைப் பார்த்து ஓடுகிறவர்கள் நாம்தான்.

ஆனால் ஓயாமல் பெய்தால் வேறு கதை. சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகும். தூக்கிப் பார்க்கும்போதே ஒரு நாற்றம் வரும், செத்த எலியை அலமாரிக்குப் பின்னால் தேடுகிறோமே, அந்த நாற்றம். முதுகில் ஈரம் காயாமல் புண் வரும். சரி, உள்ளே கட்டிவிடலாம் என்றால் தரையில் பரப்பிய மரத்தூளின் தூசியில் இருமல். நின்ற இடத்திலேயே நின்று வயிறு கட்டிக்கொள்ளும். அலுத்துப்போய் கதவைக் கடிக்கும், சுவரை உதைக்கும்.

ஆகவே வெளியே விட்டால் ஒரு வியாதி, உள்ளே கட்டினால் ஒரு வியாதி. வருஷக் கடைசி மழை தொடங்கும்போது எந்த ராத்திரியிலிருந்து உள்ளே கட்டுவது என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. மகளின் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் அவ்வளவு சண்டை போட்டதில்லை.

முதல் எண்ணெய் குதிரைக்கு

என் வீட்டுக்காரர் முனியாண்டி இளவயதில் கோலாலம்பூரில் பந்தயக் குதிரை பார்த்தவர். வயதாகி ஓட முடியாமல் போன குதிரைகளை யாரும் வேண்டாம் என்று சொன்னபோது, ஒன்று ஒன்றாக இங்கே ஓட்டிக்கொண்டு வந்தார். கோலா சிலாங்கூருக்கு வெளியே, மூடிப்போன தோட்டத்துத் திடல். சனி ஞாயிறுகளில் டவுன் பிள்ளைகள் வந்து சவாரி பழகுவார்கள். எங்கள் சோறு அதில்தான்.

பந்தயத்தில் இந்தக் குதிரைகளுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள் இருந்தன. இவர் வந்த அன்றைக்கே மாற்றிவிடுவார். ராஜகுமாரி என்று அர்த்தம் வரும் ஏதோ ஒரு பெயரோடு வந்தவள்தான் கருப்பாயி.

உள்ளே கட்டுவதற்கு இவர் வைத்திருந்த சட்டம் தீபாவளி. அன்று விடிகாலை நம் தலையில் எண்ணெய் வைக்கும் முன் ஒவ்வொரு குதிரையின் நெற்றியிலும் ஒரு விரல் நல்லெண்ணெய் வைப்பார். கருப்பாயிக்கு இரண்டு விரல். அன்று ராத்திரியிலிருந்து எல்லாம் உள்ளே. அதுவரை வெளியே.

“தீபாவளிக்கு அப்புறம்தான் மழை கனக்கும். எனக்குத் தெரியாதா?” என்பார்.

ஒருமுறை எண்ணெய் வைக்காமல் கட்டியதால் ஒரு குதிரைக்கு வயிற்றுவலி வந்து உருண்டு புரண்டதாம். ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் இவர் அதற்கு முறுக்கு ஊட்டினார். தட்டோடு ஊட்டினார். கேட்டால், “பண்டிகை அதுக்கும்தானே?” என்று என்னையே மடக்குவார்.

பெரும்பாலும் இவர் சட்டம் பலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தீபாவளி ஒரு வருஷம் முன்னே வரும், ஒரு வருஷம் பின்னே வரும். மழைக்கு அமாவாசை தெரியுமா? நான் சொல்லவந்த வருஷம் தீபாவளி நன்றாகத் தள்ளிப்போயிருந்தது. மழை காத்திருக்கவில்லை.

பிறந்த வீட்டில் குதிரை

குதிரைகளைக் கட்டுவது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகளில். நடுச்சுவரை இடித்து, இரண்டு வீட்டுக்கு ஒரு குதிரை. சுவரில் இன்னும் சாமிப்படம் மாட்டிய ஆணி இருக்கிறது.

அங்கே பிறந்தவர்கள் எப்போதாவது பார்க்க வருவார்கள். ஒரு தடவை பெரிய காரில் ஒரு பெண்மணி வந்தார். நல்ல பட்டுப்புடவை. “மூணாவது வீடுதான் நான் பொறந்த வீடு” என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். உள்ளே கருப்பாயி சாணம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு, “நாங்க இருந்தப்ப இவ்ளோ எடம் இல்ல” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்த வீடுகளுக்குப் பின்பக்கம்தான் திடல். வாசலில் நின்றால் தூங்குமூஞ்சி மரம் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தோணி அண்ணன்

திடல் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அந்தோணி அண்ணனின் மாடுகளும் அங்கேதான் மேய்ந்தன. அவரும் அதே தோட்டத்துப் பிள்ளை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவரும் மாடும்தான். மகள் நர்ஸிங் படிப்பது அந்தப் பாலில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகும் மனுஷன், வெள்ளிக்கிழமை எங்கள் அம்மன் கோவில் அபிஷேகத்துக்கு முதல் ஆளாகப் பால் கொண்டுவந்து வைப்பார். தீபாவளி வந்தால் சுற்றுவட்டாரத்தில் பால் பணியாரம் செய்கிற அத்தனை வீட்டுக்கும் அவர் பால்தான்.

கொட்டகையில் கட்டினால் கொசு பிடுங்கும் என்று மாடுகளை ராத்திரி திடலிலேயே படுக்க விடுவார். விடியும் முன் பால் வாளியோடு வந்து ஓட்டிக்கொண்டு போவார்.

என் வீட்டுக்காரரை மச்சான் என்பார், என்னைத் தங்கச்சி என்பார். அவர்கள் இருவருக்கும் ஓயாத வம்பு.

“மச்சான், உன் குதிர பால் குடுக்குமா?”

“உன் மாடு ஜம்ப் பண்ணுமா?”

குதிரைக்கும் மாட்டுக்கும்கூட ஒரு வம்பு இருந்தது. அந்த மரத்தடி. திடலிலேயே மேடான இடம், தண்ணீர் தேங்காது, இலை அடர்த்தியில் தூறல் உள்ளே இறங்காது. அதைக் கருப்பாயி தன் பெயருக்கு எழுதிக்கொண்டாள். மாடு ஒன்று பக்கத்தில் வந்தால் போதும், காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பல்லைக் காட்டி ஓடுவாள். மாடுகள் வேலியோரப் புதரில் நனைந்துகொண்டே நிற்கும். அந்தோணி அண்ணன், “உங்க வீட்டு மருமக ரொம்ப அநியாயம் பண்றா தங்கச்சி” என்று என்னிடம் புகார் சொல்வார்.

இடி

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

போனை வைத்த கோபத்திலேயே குதிரைகளை ஓட்ட ஆரம்பித்தேன். மழைக்குப் பயந்து அல்ல. எனக்கு இடி பயம். திடலில் அந்த ஒரு மரம்தான் உயரம், அதன் அடியில்தான் எங்கள் பிழைப்பு முழுவதும் நிற்கிறது. காற்று நின்ற நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்ற நான்கும் தவிட்டு வாளியைக் கண்டதும் பின்னாலேயே வந்துவிட்டன. கருப்பாயி வரவில்லை. முன்காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் இழுக்க, அவள் இழுக்க, சேற்றில் நான் சறுக்கி உட்கார்ந்தேன். “வாடி, என்னைப் பெத்தவளே, வாடி!” என்று கெஞ்சினேன். வைதேன். கடைசியில் பாக்கெட்டில் இருந்த வெல்லக்கட்டிதான் காரியத்தைச் சாதித்தது.

கடைசிக் கதவைத் தாழிட்டபோது முதல் சொட்டுகள் தகரத்தில் விழுந்தன. பள்ளிவாசலில் மாலைப் பாங்கு முடிவதற்குள் சுற்றி ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தண்ணீர்.

பிறகு அந்த வெளிச்சம். மின்னல் என்றால் ஓர் ஓரத்தில் கோடு ஓடும் அல்லவா? இது அப்படியில்லை. எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சுவரும் என் கையும் ஒரே வெள்ளை. கூடவே சத்தம். தாழ்ப்பாளைப் பிடித்திருந்த கை தூக்கி எறிந்ததுபோல் விலகியது. காது அடைத்துவிட்டது. கருப்பாயி சுவரை உதைப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் வரவில்லை.

“ஆத்தா, ஆத்தா” என்று கத்தினேன்போல. என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

கரண்டு போயிற்று. போன் லைனும் போயிற்று. காது திரும்பி வந்தபோது குதிரைகள் எல்லாம் மூக்கால் புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன. அப்போது எனக்கு வந்தது என்ன தெரியுமா? பெருமை. ‘வரட்டும் அந்த மனுஷன், பேசிக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும்

வரும் வழியில், காப்பாரில் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதாம். என் வீட்டுக்காரர் கிள்ளானில் என் தங்கை வீட்டிலேயே படுத்துவிட்டு, தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறார். போனில் என்னைப் பிடிக்க முடியவில்லை. தான் சொன்ன சொல்லைக் கேட்டு நான் குதிரைகளை வெளியே விட்டிருப்பேன் என்றுதான் அவருக்குக் கணக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் எதைக் கேட்டிருக்கிறேன்? ஆனால் பயத்தில் மனுஷனுக்கு அதெல்லாம் தோன்றாது.

விடியற்காலை. நான் லயத்துக் கோடியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ கருகிய வாடை வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு ஈரத்தில் எவன் குப்பை எரிப்பான்? அது எனக்கு உறைக்கவில்லை.

மோட்டார் சத்தம் வாசலுக்கு வராமல் பின்பக்கத் திடலுக்குப் போனது. நின்றது. அடுத்து ஒரு குரல். ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

“கருப்பாயீ! ஐயோ, என் கருப்பாயீ!”

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பனிமூட்டம். மரம் உச்சியிலிருந்து அடிவரை பட்டை உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அடியில் கறுப்பும் பழுப்புமாகக் கிடந்தன. வயிறு உப்பி, கால்கள் விறைத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து. எட்ட இருந்து பார்த்தால் எது என்னவென்று யாருக்கும் தெரியாது. இவர் சேற்றில் மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள இருக்குங்க! எல்லாம் உள்ள இருக்கு! நான் கட்டிட்டேன்!”

அவருக்கு ஏறவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். அந்த நேரம் பார்த்து லயத்துக்குள்ளிருந்து கருப்பாயி கனைத்தாள், தவிடு வரவில்லையே என்ற கோபத்தில். அந்தக் கனைப்பு அவருக்குத் தெரியும்.

எழுந்தார். கிடந்தவற்றை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கொம்பைப் பார்த்தார். அழுத முகம் அப்படியே சிரிப்பாக மாறியது. இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

“முருகா! மாடு! மாடுதான் சரசு! நல்ல வேள, மாடுதான்!”

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். ஏன் மறைக்க வேண்டும், நானும்தான் சிரித்தேன்.

“ஆமா மச்சான்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “மாடுதான்.”

அந்தோணி அண்ணன் பால் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

திடலில்

எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார், தெரியாது. என் வீட்டுக்காரரின் கை என் தோளிலிருந்து நழுவியது. எனக்குச் சிரித்த வாயை மூடக்கூட முடியவில்லை.

அவர் எங்களைக் கடந்து போனார். ஒவ்வொரு மாட்டின் பக்கத்திலும் உட்கார்ந்து மடியைத் தொட்டுப் பார்த்தார். “பால் கட்டியிருக்கு” என்றார். “கறக்கற நேரம்தானே.” கன்றுக்குட்டிகள் தாய்க்கு அடியில் கிடந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“அண்ணே...” என்று ஆரம்பித்தேன்.

“ஒன்னும் இல்ல தங்கச்சி” என்றார். ஆறுதல் அவர் எனக்குச் சொல்கிறார்! “கருப்பாயி இருந்தா இந்தப் பக்கமே வராதுங்க. எடம் காலியா இருந்திருக்கு. மழைக்கு வந்து நின்னுருச்சுங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்?”

அவர் குற்றம் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். ஆனால் எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெல்லம் காட்டி நான் காலி செய்து கொடுத்த இடம் அது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

செய்தி பரவி ஆட்கள் வந்தார்கள். மிருக வைத்தியர் ஒருவர் வந்து, வெட்டக் கூடாது, ஆழமாகப் புதைத்துவிடுங்கள் என்றார். அதற்குள் லோரியில் வந்த ஒருவன், “கறி வீணாப் போவுதே, பாதி வெலைக்குக் குடுப்பாங்களா?” என்று என்னிடம் கேட்டான். நான் என்ன சொன்னேன் என்பதை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள். அவன் லோரியைத் திருப்பிய வேகத்தில் வேலிக் கம்பம் ஒன்று சாய்ந்தது.

மண்வாரி இயந்திரம் வந்து குழி தோண்டியது. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. அந்தோணி அண்ணன் கடைசிவரை வாளியைக் கீழே வைக்கவில்லை. பாதிரியார் வந்து அவர் தோளைத் தொட்டு வீட்டுக்கு அழைத்துப்போனார். என் வீட்டுக்காரர் அவர் பின்னால் பாதி தூரம் போனார், நின்றார், திரும்பி வந்தார். “மன்னிச்சிரு மச்சான்னு சொல்லப் போனேன் சரசு. வாய் வரல.” அன்று பகல் முழுவதும் சோற்றைத் தொடவில்லை.

மத்தியானம் கரண்டு வந்தது, போனும் வந்தது. எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். “உனக்கு எப்படித் தெரிஞ்சுது? சாமி உத்தரவா?” என்று கேட்டார்கள். “உன் நல்ல நேரம் லா” என்றாள் தங்கை. நல்ல நேரமாம்! நான் போனைக் கட்டிலில் எறிந்தேன்.

சாயங்காலம் ஆனது. பத்தாங் காலி மலைப் பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று மறுபடியும் நின்றது. என் வீட்டுக்காரர் எழுந்து போய்க் குதிரைகளை ஓட்டிவந்து கட்டினார். நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். உள்ளே ஓடினேன், போனை எடுத்தேன். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தோணி அண்ணன் எடுத்தார்.

“அண்ணே, சரசு பேசறேன். வானம் ரொம்ப இருட்டிக்கிட்டு வருது. சீக்கிரம் போயி மாட்டையெல்லாம் ஓட்டிட்டு வந்து கட்டிருங்கண்ணே.”

அவர் வீட்டுத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது எனக்குக் கேட்டது.

“எந்த மாட்ட, தங்கச்சி?” என்று கேட்டார்.